நீதியாசனமும் ஏட்டுச் சுவடியும்

விழா மலரொன்றைக் கையிலெடுப்போர் முதலிலே புரட்டித் தேடுவது பழைய மாணவரின் பெயர்ப் பட்டியலையே. இன்னார் நீதிபதியாயினார், இன்னார் வைத்திய நிபுணராயினார், இன்னார் பொறியியலாளராய்க் கடல்கடந்து வாழ்கின்றார் என நிரல்பட எழுதியிருப்பதைக் காணுந்தோறும் கல்லூரிக்கு ஒரு பெருமிதம் தோன்றுதல் இயல்பே. அப்பெருமிதத்தைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும் அப்பட்டியலிலே ஒரு குறையுண்டு என்பது எமது கருத்து. ஒருவர் ஏறியமர்ந்த ஆசனத்தை அது சொல்லுகின்றது. அவ்வாசனத்திலிருந்துகொண்டு அவர் செய்தது யாது என்பதைச் சொல்லாது விடுகின்றது. இதனை விளக்குதற்கு ஒருவருடைய வாழ்க்கையை எடுத்துக்கொள்கின்றோம். அவர் எம் கல்லூரியிற் பயின்றவரல்லர். எம் கல்லூரி போன்றவை தோன்றுமுன்னரே கற்று முடித்தவர். நடுத்தரமான ஊரொன்றிலே வக்கீலாயிருந்து பின்னர் நீதிபதியாய் உயர்ந்தவர். அவரே சிறுப்பிட்டி இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள்.

பிள்ளையவர்கள் 1832-ஆம் ஆண்டு செப்டெம்பர் 12-ஆம் நாள் சிறுப்பிட்டியில் வைரவநாதருக்கு மகனாய்ப் பிறந்தார். அக்காலத்து மிசன் பாடசாலைகளின் வழக்கப்படி அவருக்குச் சார்ள்ஸ் வின்ஸ்லோ என்ற பெயரும் இருந்தது. பிற்காலத்திலே சைவராய் நின்ற அவர், அப்பெயரின் முதலெழுத்துக்களை அகற்றாமலே, சிறுப்பிட்டி வைரவநாதர் மகன் என்னும் பொருள்படச் ‘சி. வை.’ என்று ஆக்கிக்கொண்டார். எழுத்தை மாற்றாது பொருளை மாற்றிய இச்சாதுரியம் பின்னாளில் வக்கீலாகப் போகின்றவருக்குப் பொருத்தமானதே.

சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழிலக்கணம் கற்றார். வட்டுக்கோட்டைச் செமினரியிலே ஆங்கிலமும் கணிதமும் பிறவும் கற்றார். 1852-இல் கோப்பாயிலே ஆசிரியராய் அமர்ந்தார். பயிற்றப்பட்ட ஆசிரியராகிய எம்மனோர்க்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சி தருவது. நீதிபதியின் முதல் உத்தியோகம் வாத்தியார் உத்தியோகமே. பின்னர்ப் பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பாற் சென்னை சென்று ‘தினவர்த்தமானி’ப் பத்திரிகையை நடத்தினார், இராசதானிக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பெற்றபோது அதன் முதற் பட்டதாரிகளாய் வெளிவந்த இருவரும் யாழ்ப்பாணத்தவர்: ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் வட்டுக்கோட்டையிலே ஆசிரியராயிருந்த கறல் விசுவநாதபிள்ளை. நம்மவர் மேடைகளிலே இச்செய்தி மிகவும் எடுத்தாளப்படுகின்றது. நாம் அதனை இவ்வளவில் விடுகின்றோம். முதலாவதாய்த் தேறியவரென்பது பரீட்சைக் கணக்கன்றிப் பிறிதில்லை.

பின்னர்க் கள்ளிக்கோட்டையிலே பாடசாலை உத்தியோகம். அதன்பின் சென்னையிலே அரசாங்கக் கணக்கு நிலையத்தில் நெடுங்காலச் சேவை. அச்சேவையிலிருந்துகொண்டே சட்டம் பயின்று 1871-இல் பி. எல். பட்டம் பெற்றார். அப்பொழுது வயது முப்பத்தொன்பது. பட்டம் பெற்றவுடன் நீதிமன்றத்துக்கு ஓடினாரல்லர். கணக்கு வேலையைத் தொடர்ந்து பார்த்து, 1880-களின் தொடக்கத்திலே, ஐம்பது வயதளவிலேதான் கும்பகோணத்திற் சென்று வக்கீல் தொழிலை மேற்கொண்டார். நம் நாட்டிலே அக்காலத்தில் அப்புக்காத்து என்றும் பிரக்கிராசி என்றும் இருவகையாய் வழங்கி, இன்று சட்டத்தரணி என ஒன்றாகிவிட்ட தொழிலே அது. எம் காலத்து உத்தியோகத்தர் இளைப்பாறுஞ் சம்பளத்தைக் கணக்கிட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியைத் தேடும் வயதிலே, இவர் புதியதொரு தொழிலையும், அதனினும் பெரியதொரு வேலையையும் ஒருங்கே தோளிலேற்றார்.

கும்பகோணம் காவிரிப் படுகையிலுள்ளது. நெல் விளையும் நிலமும், கோயிலும், மடமும் நிறைந்த நாட்டிலே வழக்குக்குக் குறைவிராது. அக்காலத்து அவ்வூரின் சிறப்பு மற்றொன்று. நீதிமன்றத்தைச் சார்ந்தோரிடையே தமிழ்ப்பற்று மிகுந்திருந்தது. பக்கத்து மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம்பிள்ளை 1879-இலே தமிழின் முதல் நாவலை வெளியிட்டார். கும்பகோணத்துக்கு முன்சீபாய் வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரியிலே புதிதாய்த் தமிழாசிரியராயமர்ந்த இளைஞர் ஒருவரை 1880-இல் சந்தித்து, அந்தாதியும் பிள்ளைத்தமிழும் படித்தாற் போதுமா, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்ற பொருளில் வினாவினார். அவ்விளைஞரே உ. வே. சாமிநாதையர். அவ்வினாவிலிருந்து பிறந்தவை எவ்வளவு என்பதைத் தமிழ் கற்றார் அறிவர். அந்த ஊருக்குத்தான் பிள்ளையவர்களும் வக்கீலாய் வந்து சேர்ந்தார். முன்சீபும் வக்கீலும் கல்லூரித் தமிழாசிரியரும் ஒரே ஊரிலே சில ஆண்டுகள் முன்பின்னாக வாழ்ந்தமையாற் பழந்தமிழ் பிழைத்தது என்று கூறினும் அது மிகையாகாது.

இனி, அவர் செய்த வேலை யாதென்பதைச் சிறிது விரிவாய்க் கூறுதல் வேண்டும். ‘ஏடு பரிசோதித்துப் பதிப்பித்தார்’ என்று மாணவர் பரீட்சைக்கு ஒரு வாக்கியத்தை மனனஞ் செய்கின்றனர். அவ்வாக்கியத்துள் அடங்கிய பாட்டை அவர்கள் அறியார்.

ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கமில்லை. எகர ஒகரங்களிற் குறிலும் நெடிலும் ஒரே வடிவின. ஆகாரத்தைக் காட்டும் காலும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்படும். ஆகவே ‘காடு’ என்று எழுதியதைக் ‘கரடு’ என்றும் படிக்கலாம். ‘கொடு’ என்பது ‘கோடு’ ஆகவும் கூடும். பாட்டு முடிந்து உரை தொடங்குமிடத்திலே வரி பிரிப்பதில்லை. சூத்திரமும் உரையும் மேற்கோளும் இடைவெளியின்றி ஓடும். எழுதியவன் பொருளறியாத கூலி எழுத்தாளனாயின், அவன் விட்டதும் சேர்த்ததும் வேறு. இவற்றுக்கெல்லாம் மேலாகச் செல்லரித்த துளைகள். கயிற்றை அவிழ்த்தால் ஓரம் ஒடியும், இதழைப் புரட்டினால் நடு முறியும் என்ற நிலையிலே தம் கைக்கு வந்த சுவடிகளைப் பற்றிப் பிள்ளையவர்களே தம் பதிப்புரையில் நெஞ்சுருகி எழுதியிருக்கின்றார். ஒரு பிரதியிலே துளையுள்ள இடத்துக்கு மற்றொரு பிரதியைத் தேடவேண்டும். அது யாழ்ப்பாணத்திலே ஒரு புலவர் வீட்டிலும் இருக்கலாம், சோழநாட்டு மடமொன்றிலும் இருக்கலாம். தேடிப் பெற்ற பிரதிகள் ஒன்றோடொன்று மாறுபட்டால் எது மெய்யென்று துணிதல் வேண்டும்.

இத்துணிபு வக்கீல் தொழிலுக்கு அந்நியமானதன்று. ஏடுகள் சாட்சிகள். பத்துச் சாட்சிகள் ஒரே சொல்லைச் சொல்லினும் அப்பத்தும் ஒருவன் வாய்ப்பாடத்தைக் கேட்டுச் சொல்லுபவையாயின் அவை ஒரு சாட்சியே. பத்து ஏடுகளும் ஓரேட்டைப் பார்த்து எழுதப்பட்டனவாயின் அவற்றின் நிலையும் அதுவே. கேட்டறிந்ததைச் சொல்லுபவனுக்கும் கண்ணாற் கண்டதைச் சொல்லுபவனுக்கும் வேற்றுமை உண்டு. உரையாசிரியர் எடுத்தாண்ட பாடத்துக்கும் பின்வந்தோன் திருத்திய பாடத்துக்கும் அவ்வேற்றுமையே உண்டு. கணக்கு நிலையத்திலே இலக்கம் பிசகாது பார்த்துப் பழகிய கண்ணும், நீதிமன்றத்திலே சாட்சியை மறுத்து வினாவிப் பழகிய நாவும் இவ்வேலைக்குப் பயன்பட்டன என்றே நாம் கருதுகின்றோம். தமிழ் மாத்திரம் கற்றிருந்தாரேல் இவர் இன்னும் சிறந்த பதிப்பாசிரியராய் இருந்திருப்பார் என்போர் சிலருளர். அவரோடு நாம் உடன்படோம்.

நாவலர் பெருமானின் பார்வையோடு தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையருரையை 1868-இலே வெளியிட்டதே இத்துறையில் இவருடைய பெருந்தொடக்கம். நாவலரவர்கள் 1879-இல் மறைந்தபின் இலக்கணப் பதிப்புச் சுமை இவர்மேலேயே விழுந்தது. 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் பழைய உரையோடு அச்சேறியது இவர் கையாலேதான். எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சுவாகனம் ஏறியதும் இவருடைய கலித்தொகையே. புறநானூறு வெளிவருதற்கு அதன்பின் ஏழாண்டு சென்றது. இப்பட்டியலிலே மற்றொன்றும் கவனித்தற்குரியது. வீரசோழியம் பௌத்தர் செய்த நூல். சூளாமணி சமணர் செய்தது. சைவப் பற்றிலே யாருக்கும் இளையாத இவர் அவற்றையும் தணிகைப்புராணத்தையும் ஒரே கவனத்தோடு பரிசோதித்தார். வழக்காளியின் சமயத்தைக் கேளாது வழக்கைக் கேட்பதே நீதிபதியின் இலக்கணம். அவ்விலக்கணம் ஆசனம் கிடைக்குமுன்னரே இவரிடம் அமைந்திருந்தது.

ஆசனம் 1887-இலே கிடைத்தது. புதுக்கோட்டை அப்பொழுது தொண்டைமான் மன்னருக்குரிய சமஸ்தானம். மன்னர் சிறுவராயிருந்தமையின் சேஷையா சாஸ்திரியார் ஆட்சிப் பொறுப்பைத் தாங்கி நின்றார். அச்சமஸ்தானத்து நீதிபதிகளுள் ஒருவராய்ப் பிள்ளையவர்கள் 1890 வரை இருந்தார். 1895-இலே அரசாங்கம் இராவ்பகதூர் பட்டம் அளித்தது. 1901-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னையிலே காலமானார். நீதிபதி வாழ்க்கையைப் பற்றி நாம் எழுதக்கூடியது இவ்வளவே. அவர் அளித்த தீர்ப்பொன்றையேனும் யாரும் எடுத்துரைக்க நாம் கேட்டதில்லை. அதே ஆண்டுகளிலே அவர் பதிப்பித்த நூல்களையோ, நேற்று எம் வகுப்பறையிலே எடுத்து விரித்தோம்.

அவர் பதிப்பிலே பிழை இல்லையென்று யாம் சாதிக்கவில்லை. விழா மலர்களில் இறந்தாரைப் பற்றி எழுதுங்காற் குற்றமே இல்லாதவராக்கிவிடுவது நம்மவர் பழக்கம். அப்பழக்கம் இறந்தார்க்கும் நன்மை செய்வதில்லை. பொருளதிகாரம் முழுவதற்கும் தமக்குக் கிடைத்த உரை நச்சினார்க்கினியருடையதே என்று கொண்டு இவர் வெளியிட்டார். அதன் பிற்பகுதி இயல்களில் உள்ளது பேராசிரியர் உரை என்பதைப் பின்வந்த அறிஞர் ஆராய்ந்து நிறுவினர். கலித்தொகை முழுவதும் நல்லந்துவனார் பாடியது என்பது இவர் துணிபு. ஐவர் பாடியதென்பாரும் உளர். அவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. வீரசோழியப் பதிப்புரையிலே தமிழ் வரலாற்றை எட்டுக் காலமாய் வகுத்ததையும் இன்று அப்படியே ஏற்பார் அரியர். கீழ்நீதிமன்றத் தீர்ப்பு மேல்நீதிமன்றிலே மாற்றப்படுதல் நீதிபதிக்கு இழுக்கன்று. விளக்கமே நடவாத வழக்குக்கு மேன்முறையீடு ஏது? இவர் அச்சிட்டுத் தந்தமையாலன்றோ பின்வந்தோர் அதிலே பிழை காண முடிந்தது!

இவ்விடத்திலே எம்மவரிடம் உள்ள ஒரு மனக்குறையையும் சொல்லியாகவேண்டும். சாமிநாதையருக்குக் கிடைத்த புகழ் எம் தாமோதரம்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு தமிழ்விழாவிலும் யாரேனும் ஒருவர் எழுந்து கூறுவார். இருவருக்கும் இடையே சிந்தாமணி ஏட்டைப் பற்றி ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. தாம் பதிப்பித்தற்கென்று பிள்ளையவர்கள் ஐயரவர்களிடம் அவ்வேட்டுப் பிரதியைக் கேட்டார். ஐயரவர்கள் கொடாது தாமே பதிப்பிக்கத் துணிந்து 1887-இலே வெளியிட்டார். கலித்தொகை வெளிவந்ததும் அதே ஆண்டிலேயே. ஏட்டைக் கொடுத்திருந்தால் தமிழுக்கு ஒரு பதிப்பாசிரியர் குறைந்திருப்பார். கொடாமையால் இருவர் கிடைத்தனர். இதிலே யாழ்ப்பாணத்தார் வருந்துதற்கு யாது உளது? ஐயரவர்கள் வயதில் இளையவர். இவருக்குப்பின் நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்து பணி செய்தவர். தம் வாழ்க்கையைத் தாமே சுவைபட எழுதியும் வைத்தவர். பிள்ளையவர்கள் அவ்வாறு எழுதவில்லை. புகழ் குறைந்ததென்று குறைபடுவோர் அவர் பதிப்புரைகளையேனும் ஒருமுறை படித்துவிட்டுக் குறைபடுவாராக.

அப்பதிப்புரைகளிலே திரும்பத் திரும்ப வருவது பணமுடை. அச்சுக்கூலியும் காகித விலையும் கொடுத்து முடித்து, வாங்குவாரின்றிப் புத்தகம் தேங்கிக் கிடக்கும் வேதனை. நாட்டிலுள்ள செல்வரை நோக்கி அவர் வெளிப்படையாகவே முறையிட்டார். அரசாங்கச் சம்பளமும் வக்கீல் வருவாயும் உடையவருக்கே இந்நிலையாயின், அக்காலத்து வெறுந் தமிழ்ப் புலவர் ஒருவர் இம்முயற்சியில் இறங்கியிருப்பின் என்னாகும்? இதனாலேதான் தொழிலைப் பழித்துத் தமிழை உயர்த்தும் பேச்சு எமக்கு உடன்பாடன்று. கும்பகோணத்துக் கட்சிக்காரர் கொடுத்த பணத்திலே ஒரு பங்கு கலித்தொகையாயிற்று. அவருள் எவரேனும் அதனை அறிந்திருப்பாரோ தெரியாது.

பொருளிலே ஒரு பங்கு ஊருக்கும் வந்தது. ஏழாலையிலே சைவப் பிள்ளைகள் கற்றற்கு ஒரு வித்தியாசாலையை 1870-களிலே நிறுவினார். சுன்னாகம் குமாரசாமிப் புலவர் அங்கே ஆசிரியராயிருந்து கற்பித்தார். உத்தியோகத்தாற் கடலுக்கு அப்பால் நிலைத்துவிட்ட ஒருவர் பிறந்த மண்ணிலே பாடசாலை வைத்து, அதற்குத் தலைசிறந்த புலவரையும் தேடியமர்த்தியதை, வெளிநாடுகளிலே வாழும் எம் பழைய மாணவர் கவனிப்பாராக. கட்டடத்துக்குப் பணம் அனுப்புவோர் இன்று பலருளர். அவர்களுக்கு எம் நன்றி. கட்டடத்துள் யார் நின்று கற்பிக்கின்றார் என்று வினாவி எழுதுவோர் சிலரே.

எம் தொழிலின் அனுபவம் ஒன்றையும் இங்கே சேர்த்துக் கூறுகின்றோம். சாதாரண தரத்திலே தமிழிற் சிறந்து விளங்கும் மாணவன் எவனாயினும் அவன் கணிதத்திலும் சிறந்தவனாயிருப்பின், உயர்தரத்திலே அவன் எம்மிடம் வருவதில்லை. பெற்றோர் அவனைப் பொறியியலுக்கோ வைத்தியத்துக்கோ அனுப்புகின்றனர். அதனை நாம் தடுக்கவுமில்லை; தடுப்பது முறையுமன்று. எமக்கு வருத்தம் தருவது, அன்றோடு அவன் தமிழ்ப் புத்தகத்தை மூடிவிடுவதே. தமிழ் என்பது வேறு வழியில்லாதவர் கற்பது என்ற எண்ணம் மாணவரிடத்தே தானாய் முளைத்ததன்று. எம் பட்டியல்களும் பரிசளிப்பு மேடைகளும் அதனை நீரூற்றி வளர்த்தன. கணக்காளரும் வக்கீலும் நீதிபதியுமாயிருந்த ஒருவரே தொல்காப்பியத்தை அச்சேற்றினார் என்பதை உயர்தர விஞ்ஞான வகுப்பிலே நாம் சொல்லும்போது மாணவர் சிலர் நிமிர்ந்து பார்க்கின்றனர். அவர்களுக்கு அது புதுச்செய்தி.

ஆகவே மலர்க் குழுவினர்க்கு நாம் ஒன்று முன்வைக்கின்றோம். அடுத்த மலரிலே பழைய மாணவர் பெயருக்கும் பதவிக்கும் பக்கத்திலே இன்னுமொரு நிரல் சேர்க்கப்படட்டும்: பதவியோடு அவர் செய்த பிற பணி யாது? அது தமிழ்ப் பணியாகத்தான் இருக்கவேண்டுமென்பதில்லை. குளம் வெட்டியதாயினும் ஆகுக, பள்ளிக்கு நூல் கொடுத்ததாயினும் ஆகுக. நிரல் வெறுமையாய்க் கிடக்கும் பெயர்கள் பலவாகலாம். கிடக்கட்டும். வெறுமையும் ஒரு செய்தியே. சிலர் இதனை அடக்கமின்மை என்பர். பதவியை அச்சிடுவதிலே தோன்றாத அடக்கம் பணியை அச்சிடும்போது மாத்திரம் தோன்றுவானேன்?

மற்றொன்று இன்னும் அவசரமானது. 1981-இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் வெந்தன. அதற்குப் பின் நிகழ்ந்த போரிலும் இடப்பெயர்விலும் வீட்டுக்கு வீடு இழந்தவை கணக்கிலடங்கா. எஞ்சியவை இன்னும் சில வீடுகளிலே, பரணிலும் பழைய தகரப்பெட்டியிலும் கிடக்கின்றன. பரியாரி குடும்பங்களிலும் சோதிடர் குடும்பங்களிலும் புலவர் பரம்பரையிலும் இவை இருத்தல் கூடும். வைத்தியச் சுவடி, சோதிடச் சுவடி, தலபுராணம், கூத்துப் பிரதி, சென்ற நூற்றாண்டுகளின் முதற்பதிப்பு நூல் எதுவாயினும் ஒன்றே. நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் இத்தகையவற்றை எண்ணிம முறையிலே படியெடுத்து யாவரும் படிக்கத் தருகின்றனர். ஆகவே இன்று உரிமையாளர் ஏட்டை இழக்கவேண்டிய தேவையும் இல்லை. பிள்ளையவர்கள் காலத்திலே ஏட்டைக் கொடுத்தவன் அது திரும்பி வருமோ என்று அஞ்சினான். கொடாதவன் செல்லுக்குக் கொடுத்தான்.

எம் பழைய மாணவருள் வீட்டிலே சுவடி உள்ளோர் அதனை ஒரு நாளைக்கு எம்மிடம் கொண்டுவரலாம். படியெடுப்பித்துத் திருப்பி அனுப்புதற்கு வேண்டியவற்றைத் தமிழ்ப் பகுதி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு செய்வர். வெளிநாட்டிலுள்ளோர் ஊரிலே பூட்டிக் கிடக்கும் வீட்டின் திறப்பு யார் கையில் உள்ளதென்று எழுதியறிவித்தாலும் போதும். கொண்டு வருவோர்க்கு ஒரு வேண்டுகோள்: கயிற்றை அவிழ்க்க வேண்டாம், தூசியைத் துணியால் அழுத்தித் துடைக்கவும் வெயிலிற் காயவைக்கவும் வேண்டாம். கட்டு எப்படிக் கிடந்ததோ அப்படியே, சுத்தமான பருத்தித் துணியிலே சுற்றி எடுத்து வருக.